‘அது சரி, உண்மையில் நீ எந்த ஊர்?’: ஆப்பிரிக்கக் குடியேறிகளின் இரண்டாம் தலைமுறை, ஓர் எளிய அறிமுகம்

2022-ல் கத்தாரில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்தில் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர் ஆடினார்கள். அண்ணன் இன்யாகி வில்லியம்ஸ் கானா அணியில், தம்பி நிகோ வில்லியம்ஸ் ஸ்பெயின் அணியில். இருவரும் பிறந்தது ஸ்பெயினில்தான். அண்ணன் பில்பாவோ நகரில், தம்பி பாம்பலோனாவில். கிளப் ஆட்டங்களில் இருவருக்கும் ஒரே அணி, அத்லெடிக் பில்பாவோ.

இதைக் கேட்டவுடன், “அப்படியானால் இவர்களில் யார் அசல் ஸ்பானியர், யார் அசல் கானாக்காரர்?” என்று கேட்கத் தோன்றும். ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனவர்களின் பிள்ளைகள் ஏதோ ஒரு வடிவத்தில் இந்தக் கேள்வியைச் சிறு வயது முதலே கேட்டு வளர்கிறார்கள். அவர்களுடைய அடையாளத்தைப் புரிந்துகொள்ள அவர்கள் மனதுக்குள் எட்டிப் பார்த்தால் மட்டும் போதாது. கேள்வி கேட்பவர் யார், எந்த இடத்தில் இருந்துகொண்டு கேட்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வருவது இதைத்தான்.

யார் இந்த இரண்டாம் தலைமுறை?

பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் போய்க் குடியேறியவர் முதல் தலைமுறை. அங்கே அவருக்குப் பிறந்த பிள்ளைகள் இரண்டாம் தலைமுறை. சிறு வயதிலேயே பெற்றோரோடு வந்து, புதிய நாட்டில் பள்ளிக்குப் போய் வளர்ந்தவர்களுக்கு ‘ஒன்றரைத் தலைமுறை’ என்று பெயர். சமூகவியலாளர் ரூபன் ரம்பாட் மூலம் பரவிய பெயர் அது. பிறந்தது சோமாலியாவின் மொகதிஷு, படித்தது அமெரிக்காவின் மினியாபொலிஸ் என்று இருப்பவர்களை வேறு எந்தப் பெட்டியிலும் அடக்க முடியாது என்பதால் இந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

இரண்டாம் தலைமுறையினரைக் ‘குடியேறிகள்’ என்று எழுதுவது பத்திரிகைகளில் சர்வசாதாரணம். அது தவறு. குடியேறியது அவர்களுடைய பெற்றோர். இவர்கள் எங்கிருந்தும் வரவில்லை, அங்கேயே பிறந்தவர்கள்.

எண்ணிக்கையும் சிறியதல்ல. இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களைக் கறுப்பு ஆப்பிரிக்கர் என்று பதிந்தவர்கள் 2001-ல் சுமார் 4.8 லட்சம் பேர். 2021-ல் அது கிட்டத்தட்ட 15 லட்சம். பிரிட்டனின் கறுப்பின மக்களில் ஒரு காலத்தில் கரீபியத் தீவுகளிலிருந்து வந்த குடும்பங்களே அதிகம். இருபது வருடத்தில் அது தலைகீழாகிவிட்டது. அமெரிக்காவில் 1965-ம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், 1980-ன் அகதிகள் சட்டம், 1990-ல் வந்த விசா குலுக்கல் ஆகிய மூன்றும் ஆப்பிரிக்கர்களுக்கு வழி திறந்தன. இன்று ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள் மட்டுமே அங்கே 20 லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் தனிக் கணக்கு.

இன்னொன்று. ‘ஆப்பிரிக்கர்’ என்ற அடையாளமே பெரும்பாலும் வீட்டு வாசலைத் தாண்டிய பிறகு வருவதுதான். லண்டன் பெக்கம் பகுதியில் ஒரு நைஜீரியக் குடும்பத்தில் பிறந்த பிள்ளை வீட்டுக்குள் யொரூபா இனமாகவோ இக்போ இனமாகவோ வளர்கிறது. கானா வீட்டில் அது அசாந்தி இனம். பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகுதான் தான் கறுப்பு என்பதும் ஆப்பிரிக்கா என்பதும் அதற்குச் சொல்லப்படுகின்றன. 54 நாடுகள் கொண்ட ஒரு கண்டம் முழுவதையும் அந்தக் குழந்தையின் முதுகில் ஏற்றிவிடுகிறார்கள்.

அடையாளம் வேறு, இடம் வேறு

என்னை நான் யார் என்று நினைக்கிறேன் என்பது அடையாளம். நான் இருக்கும் இடத்தில் என்னைத் தங்களில் ஒருவராக மற்றவர்கள் ஏற்கிறார்களா என்பது அங்கே எனக்கு உள்ள இடம், அதாவது உரிமை, ஒட்டுதல். முதலாவதை ஒருவர் தனியாக முடிவு செய்துகொள்ளலாம். இரண்டாவதற்கு எதிராளியின் சம்மதம் வேண்டும். பேச்சில் இரண்டும் கலந்துபோவதால்தான் பாதிக் குழப்பம்.

இந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது, இரண்டு பண்பாட்டுக்கு நடுவே சிக்கித் தவிக்கிறார்கள், ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. காலையில் வீட்டில் கானாவின் ட்வி மொழியில் அம்மாவோடு பேசிவிட்டு, பள்ளியில் இத்தாலிய மொழியில் தேர்வு எழுதிவிட்டு, மாலையில் ஜொல்லாஃப் சோறு சாப்பிடுவதில் எந்தப் பிள்ளைக்கும் திண்டாட்டம் இல்லை. பல மொழி புழங்கும் ஊர்களில் பிள்ளைகள் காலம்காலமாகச் செய்துவருவதுதான் இது. ‘இதில் ஒன்றைத்தான் நீ வைத்துக்கொள்ளலாம்’ என்று யாராவது வந்து சொல்லும்போதுதான் திண்டாட்டம் தொடங்குகிறது.

வில்லியம்ஸ் வீட்டுக் கதையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். அவர்களுடைய பெற்றோர் கானாவிலிருந்து கிளம்பி, சஹாரா பாலைவனத்தின் ஒரு பகுதியைக் கால்நடையாகவே கடந்தவர்கள். சுடுமணலில் நடந்ததால் வந்த பாத உபாதை தந்தைக்கு இன்னும் இருக்கிறது என்று இன்யாகி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆப்பிரிக்கக் கரையில் ஸ்பெயினுக்குச் சொந்தமாக உள்ள மெலீயா நகரத்தின் வேலியைத் தாண்டிய இடத்தில் பிடிபட்டார்கள். திருப்பி அனுப்பப்படும் நிலை. ஒரு வழக்கறிஞர் சொன்ன யோசனைப்படி கானா காகிதங்களைக் கிழித்துப்போட்டுவிட்டு, அப்போது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த லைபீரியாவிலிருந்து வருவதாகச் சொல்லி அடைக்கலம் கேட்டார்கள். தாயின் வயிற்றில் அப்போது இன்யாகி இருந்தார். பில்பாவோவில் அந்தக் குடும்பத்துக்கு உதவியவரின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள். அது பில்பாவோ பகுதியின் பூர்விக மக்களான பாஸ்க் மக்களின் பெயர்.

அப்பா பிழைப்புக்காக லண்டன் போய்ப் பல வருடம் அங்கேயே இருந்தார். அம்மாவுக்கு ஓயாத வேலை. தம்பியைப் பள்ளிக்குக் கூட்டிப்போவதும் சாப்பிட வைப்பதும் அண்ணன் பொறுப்பு. பெற்றோர் பாலைவனத்தைக் கடந்து வந்த கதை, வளர்ந்த பிறகுதான் இன்யாகிக்கு முழுதாகத் தெரியவந்தது. குடியேறிகளின் வீடுகளில் இது அடிக்கடி நடப்பது. பிள்ளைகளுக்குப் பாரம் வேண்டாம் என்று பெற்றோர் வாய் திறப்பதில்லை. தன் வீட்டுக் கதையே தெரியாத பிள்ளையிடம் போய், உன் வேர் எங்கே என்று ஊர் கேட்கிறது.

2016-ல் ஸ்பெயினுக்காக ஒரே ஒரு நட்பு ஆட்டம் ஆடினார் இன்யாகி. 2021-ல் கானா அணியைப் பற்றிக் கேட்டபோது, கானாவை நேசிக்கிறேன், ஆனால் நான் அங்கே பிறக்கவும் இல்லை, வளரவும் இல்லை, அங்கே தகுதியுள்ள ஒருவரின் இடத்தை நான் எடுத்துக்கொள்வது சரியாகாது என்ற பொருளில் பதில் சொன்னார். அடுத்த வருடம் கானாவுக்குப் போய் உறவினர்களைப் பார்த்தார். முதிர்ந்த வயதுத் தாத்தாவின் விருப்பமும் சேர்ந்துகொண்டது. 2022 செப்டம்பரில் கானா சட்டையோடு களம் இறங்கினார். தம்பி ஸ்பெயினிலேயே இருந்தார். 2024 ஜூலையில் பெர்லினில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினுக்கு முதல் கோல் அடித்தது அவர்தான்.

அண்ணன் உலகக் கோப்பைக்காகக் கட்சி மாறினார் என்று பேசியவர்கள் உண்டு. 2021-ல் சொன்னதும் உண்மை, 2022-ல் செய்ததும் உண்மை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அடையாளம் ரேஷன் அட்டையில் ஒருமுறை ஏற்றிய பெயரைப் போல அப்படியே இருப்பதில்லை. ஒரு பயணம், ஒரு சாவு, ஒரு தாத்தாவின் குரல் போதும், அது இடம் மாற. ஒரே வீட்டில் ஒரே சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்த இருவர் இரண்டு முடிவுக்கு வந்தார்கள் என்றால் அந்த வீட்டில் எந்தக் கோளாறும் இல்லை.

அதே உலகக் கோப்பையில் மொராக்கோ அணியின் 26 பேரில் 14 பேர் மொராக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். ஸ்பெயினை வெளியேற்றிய அந்தக் கடைசி பெனால்ட்டியை அடித்த அஷ்ரஃப் ஹக்கிமி பிறந்தது ஸ்பெயினின் தலைநகரான மாட்ரிட்டில். ஸ்பெயின் அணியோடு சில நாள் இருந்து பார்த்ததாகவும், அது தன் வீடு மாதிரி இல்லை என்றும் அவர் சொல்லியிருக்கிறார்.

கால்பந்து வீரர்களையே உதாரணம் காட்டுகிறேன் என்றால், அவர்கள் விஷயத்தில் எல்லாம் ஊரறிய நடக்கிறது என்பதுதான் காரணம். ஆனால் அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கோல் அடிக்கும்வரை நம்மவர். லண்டனில் நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த புகாயோ சாகா, 2021 ஜூலை 11 அன்று இத்தாலிக்கு எதிரான ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்துக்காக ஆடிப் பெனால்ட்டியைத் தவறவிட்டபோது அவருக்கு வயது 19. ஆட்டம் முடிந்த கையோடு இணையத்தில் இனவெறி வசவு கொட்டியது. அவரோடு தவறவிட்ட மற்ற இரண்டு கறுப்பின வீரர்களுக்கும் அதே கதிதான். வெற்றிக்குக் கூலியாகக் கிடைக்கும் இடம் எவ்வளவு நாள் நிற்கும் என்று அன்றைக்கு இங்கிலாந்தில் வளரும் ஒவ்வொரு கறுப்புப் பிள்ளையும் பார்த்துக்கொண்டிருந்தது. மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் நர்ஸ், பேருந்து ஓட்டுபவர், கடைப் பெண் இவர்களெல்லாம் எதை ஜெயித்து இடம் வாங்குவது?

அமெரிக்காவில் நிறம் முந்திக்கொள்கிறது

அமெரிக்காவில் 1868-ல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 14-வது திருத்தம், அந்த மண்ணில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமை தருகிறது. ஆகவே காகிதம் அங்கே பெரிய சிக்கலாக இருந்ததில்லை. சிக்கல் வேறு இடத்தில்.

நைஜீரியாவிலிருந்தோ எத்தியோப்பியாவிலிருந்தோ வந்த பெற்றோர் தங்களைக் கறுப்பு அமெரிக்கர்களாக நினைப்பதில்லை. அடிமை முறையும் அதற்குப் பின் வந்த இன ஒதுக்கலும் அவர்கள் வீட்டு வரலாறு இல்லை. சிலர் பிள்ளைகளிடம், அவர்களோடு சேராதே, நாம் வேறு என்று சொல்லி வளர்ப்பதும் உண்டு. அது வருத்தத்துக்குரியது, ஏனென்றால் கறுப்பு அமெரிக்கர்கள் ரத்தம் சிந்தி நடத்திய சமூக உரிமைப் போராட்டம்தான் 1965 சட்டத்துக்கே சூழலை உண்டாக்கியது. இன்னொரு பக்கம், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்று பள்ளியில் கேலி செய்தவர்களில் கறுப்பு அமெரிக்கப் பிள்ளைகளும் இருந்திருக்கிறார்கள். ஆனால் இரவில் காரை நிறுத்தும் போலீஸ்காரருக்கு அப்பா நைஜீரியாவின் லாகோஸிலிருந்து வந்தவரா, அலபாமாவிலிருந்து வந்தவரா என்ற வித்தியாசம் தெரியாது. அவர் பார்ப்பது நிறத்தை. அந்தக் கணத்தில் பிள்ளை கறுப்பு அமெரிக்கர் ஆகிவிடுகிறது.

குடியேறிகளின் பிள்ளைகள் காலப்போக்கில் பெரும்பான்மையோடு கலந்து மேலே வந்துவிடுவார்கள் என்று ஆய்வாளர்கள் முன்பு நம்பினார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த இத்தாலிய, போலந்துக் குடும்பங்களைப் பார்த்து உருவான நம்பிக்கை அது. 1993-ல் சமூகவியலாளர்கள் அலெஹாந்த்ரோ போர்ட்டஸும் மின் ஜோவும் இதைக் கேள்விக்கு உட்படுத்தினார்கள். கலப்பது சரி, சமூகத்தின் எந்தப் பகுதியோடு கலக்கிறார்கள்? நிறம், குடியிருக்கும் பகுதி, பெற்றோரின் சமூக வலைப்பின்னல் ஆகியவற்றைப் பொறுத்து ஒருவர் நடுத்தர வர்க்கத்துக்குள் போகலாம், ஒருவர் வறுமைக்குள் தள்ளப்படலாம், இன்னொருவர் தன் சமூகத்தோடு இறுகப் பிணைந்திருந்தபடியே முன்னேறலாம் என்றார்கள். இந்தத் துறையில் நுழைகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய கருத்து இது.

கென்யத் தந்தைக்கும் கன்சாஸைச் சேர்ந்த வெள்ளைத் தாய்க்கும் பிறந்தவர் பராக் ஒபாமா. 2010 கணக்கெடுப்புப் படிவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்க வழி இருந்தும் அவர் கறுப்பு என்ற ஒன்றை மட்டும் குறித்தார். 2020 படிவத்தில் ஒரு சிறு மாற்றம் வந்தது. கறுப்பு என்ற பெட்டிக்குக் கீழே நைஜீரியர், எத்தியோப்பியர், சோமாலியர் என்று பூர்விகத்தை எழுத ஒரு வரி விட்டிருந்தார்கள். ஒன்றைக் குறித்தால் மற்றது அழியும் என்ற கட்டாயத்தை அந்த ஒரு வரி தளர்த்தியது.

‘சொந்த ஊர்’ போகும்போது

பெற்றோரின் நாட்டிலாவது இவர்களுக்கு முழு இடம் உண்டா? சட்டப்படி பெரும்பாலும் உண்டு. நைஜீரியப் பெற்றோருக்கு உலகில் எங்கே பிறந்தாலும் பிள்ளை நைஜீரியக் குடிமகன்தான் என்கிறது அந்நாட்டின் 1999 அரசியலமைப்பு. எத்தியோப்பியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. பதிலாக வம்சாவளியினருக்கென ஒரு தனி அடையாள அட்டை வைத்திருக்கிறது.

தெருவில் கதை வேறு. ஒவ்வொரு டிசம்பரிலும் லண்டன், நியூயார்க்கிலிருந்து இளைஞர்கள் கூட்டமாகக் கானாவின் தலைநகர் அக்ராவிலும் லாகோஸிலும் வந்து இறங்குகிறார்கள். கல்யாணங்கள், கச்சேரிகள், பாட்டி வீட்டுச் சாப்பாடு. தங்கள் நிறத்தை யாரும் திரும்பிப் பார்க்காத ஓர் ஊரில் நடப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று போய் வந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஆனால் வாயைத் திறந்தவுடன் உச்சரிப்பு காட்டிக்கொடுத்துவிடும். டாக்சிக்காரர் விலையை ஏற்றுவார். அத்தை, பிள்ளைக்குத் தாய்மொழி வரவில்லையே என்று அம்மாவைக் கடிந்துகொள்வார். அங்கே ஆப்பிரிக்கர், இங்கே வெளிநாட்டுக்காரர்.

சோமாலியக் குடும்பங்கள் சிலவற்றில், மேற்கு நாட்டில் பிள்ளை கெட்டுப்போகிறது என்ற பயத்தில் அதைச் சில காலம் சோமாலியாவுக்கோ கென்யாவுக்கோ அனுப்பிவைக்கிறார்கள். பாட்டியோடு இருந்து மொழி கற்று, தெளிவோடு திரும்பியவர்கள் உண்டு. விருப்பமில்லாமல் கொண்டுபோய் விடப்பட்டுக் காயப்பட்டவர்களும் உண்டு. பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒரு பிள்ளையை அதன் சம்மதம் இல்லாமல் திருத்த அனுப்புவதும், ‘இதில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம்’ என்ற அதே உத்தரவுதான். வீட்டுக்குள்ளிருந்து வருகிறது, அவ்வளவே.

காகிதம் இல்லாத சொந்தம்

இதுவரை சொன்னது மனம், பார்வை, பேச்சு. இதற்கெல்லாம் அடியில் சட்டம் இருக்கிறது. ஐரோப்பாவில் பல நாடுகளில் அந்த மண்ணில் பிறப்பதால் மட்டும் குடியுரிமை வராது. இத்தாலிதான் இதில் கடுமையான உதாரணம்.

1992-ம் ஆண்டின் 91-ம் எண் சட்டப்படி, வெளிநாட்டுப் பெற்றோருக்கு இத்தாலியில் பிறந்த பிள்ளை 18 வயதுவரை இடைவெளியின்றிச் சட்டப்படி அங்கே வசித்திருக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் நீண்ட வழிதான். ஒப்பிட்டுப் பார்த்தால், ஸ்பெயினில் பிறந்த பிள்ளை ஒரு வருடம் சட்டப்படி வசித்தாலே விண்ணப்பிக்கலாம். இன்னொரு பக்கம், கொள்ளுத்தாத்தா இத்தாலியர் என்று நிரூபித்த அர்ஜென்டினாக்காரர், இத்தாலியைக் கண்ணால் பார்க்காமலே பாஸ்போர்ட் வாங்க முடிந்தது. 2025-ல்தான் அதைப் பெற்றோர், தாத்தா பாட்டி அளவில் நிறுத்தினார்கள். வகுப்பில் உடன் படிக்கும் பிள்ளைகள் வெளிநாட்டுச் சுற்றுலா போகும்போது விசா இல்லாமல் ஒரு பிள்ளை மட்டும் பின்தங்குவது, அரசுத் தேர்வு எழுத முடியாமல் போவது என இதன் விளைவுகள் அன்றாடம் தெரியும்.

கால்பந்து வீரர் மாரியோ பலோட்டெல்லி 1990 ஆகஸ்ட் 12 அன்று பலெர்மோவில் கானா நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்தவர். பிரெஷாவில் ஓர் இத்தாலியக் குடும்பம் அவரை எடுத்து வளர்த்தது. ஆனாலும் அவர் இத்தாலியர் ஆனது 18 வயது நிறைந்த மறுநாள்தான். அடுத்த வருடமே, கறுப்பு இத்தாலியர் என்று யாரும் கிடையாது என்று ஒரு மைதானத்தில் ரசிகர்கள் கோஷம் போட்டார்கள். சட்டம் ஒரு கதவைத் திறந்தாலும் அடுத்த கதவு தானாகத் திறப்பதில்லை. நைஜீரியப் பெற்றோருக்கு இத்தாலியில் பிறந்த பவோலா எகோனு, 14 வயதில் தன் தந்தை குடியுரிமை பெற்றபோது தானும் பெற்றார். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இத்தாலியப் பெண்கள் கைப்பந்து அணி தங்கம் வென்றபோது தொடரின் சிறந்த வீராங்கனை அவர். அதைக் கொண்டாடி ரோமில் ஒரு சுவரில் அவர் படத்தை வரைந்தார்கள். யாரோ வந்து அந்தப் படத்தின் தோல் முழுக்க இளஞ்சிவப்பு வண்ணத்தை அடித்துவிட்டுப் போனார்கள்.

கிரேக்கத்திலும் இதே கதை. ஏதென்ஸில் நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த கூடைப்பந்து வீரர் யான்னிஸ் ஆண்டெட்டோகூன்போ 18 வயதுவரை எந்த நாட்டுக் காகிதமும் இல்லாமல் வளர்ந்தார். தெருவில் பொருள் விற்றுக் குடும்பத்துக்கு உதவியவர். 2013 மே மாதம் கிரேக்கக் குடியுரிமை கிடைத்தது. ஜூனில் அமெரிக்க அணியொன்று அவரைத் தேர்வு செய்தது. குடும்பப் பெயர் உண்மையில் அடெட்டோகுன்போ. அதைக் கிரேக்க எழுத்தில் எழுதி, பிறகு அங்கிருந்து ஆங்கில எழுத்துக்கு மாற்றியதில் இப்படி ஆனது. உலகம் அறிந்த அந்தப் பெயர் ஓர் அரசு அலுவலகத்தில் உருவானது. 2015-ல் கிரேக்கம், அங்கே பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குக் குடியுரிமைக்கு வழி செய்யும் சட்டத்தை இயற்றியது.

இத்தாலியிலும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2005-ல் ரோமில் இரண்டாம் தலைமுறை இளைஞர்கள் ஜி2 என்ற பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 2015 அக்டோபரில் கீழவை ஒரு சீர்திருத்த மசோதாவை நிறைவேற்றியது. 2017 டிசம்பரில் மேலவையில் போதிய உறுப்பினர்கள் வராததால் அது கிடப்பில் போனது. பிறகு 2025 ஜூன் 8, 9 தேதிகளில், பெரியவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தேவையான வசிப்புக் காலத்தைப் பத்து வருடத்திலிருந்து ஐந்தாகக் குறைக்கப் பொதுவாக்கெடுப்பு நடந்தது. பெற்றோருக்குக் கிடைத்தால் வீட்டில் இருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அதோடு கிடைத்துவிடும் என்பதால் இளைஞர்கள் ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார்கள். முடிவு செல்லுபடியாக வேண்டுமானால் வாக்காளர்களில் பாதிப்பேருக்கு மேல் வந்து வாக்களித்திருக்க வேண்டும். வந்தது சுமார் 30 சதவீதம். சட்டம் அப்படியே நிற்கிறது.

ஆகவே 2025-ல் பலெர்மோ மருத்துவமனையில் பிறந்த ஒரு கானாக் குழந்தை, பெற்றோர் அதற்குள் குடியுரிமை பெறாவிட்டால், 2043-ல்தான் விண்ணப்பிக்க முடியும். அதே நகரில் பெருவாரியாக வாழும் இலங்கைத் தமிழர் வீட்டுக் குழந்தைக்கும் இதே சட்டம், இதே வருடம்தான்.